புற்றுநோய்ச் சாவைக் குறைக்க ஓர் ஊர் எப்படித் திட்டம் போடலாம்? கொங்கு ஊர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் அம்மாயி நாற்பது வருடம் இடது கன்னத்தில் புகையிலை அடக்கியவர். அந்தக் கன்னத்துக்குள் ஒரு புண் வந்தபோது, கடைவாய்ப் பல் குத்துகிறது என்று தேனும் மஞ்சளும் குழைத்துத் தடவிக்கொண்டார். அப்புறம் ஒரு கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள். அது தீர்ந்ததும் இன்னொரு களிம்பு. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. சதை எடுத்துப் பரிசோதிக்கலாம் என்று யாரோ சொல்லும்போது ஐந்து மாதம் ஓடிவிட்டது, கழுத்தில் நெறியும் கட்டிவிட்டது. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "வலிக்கவே இல்லியே சாமி, அப்புறம் எதுக்குச் சொல்றது?" என்றார்.

அந்த ஐந்து மாதத்தை எப்படிச் சுருக்குவது என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். ஊராட்சி, மகளிர் குழு, இளைஞர் மன்றம், மில் நல நிர்வாகி, பனியன் கம்பெனி என யார் கையில் எடுத்தாலும் வேலை ஒன்றுதான். திட்டங்களுக்குக் குறைவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இலக்கு வைத்தது, அடுத்த வருடம் மார்பகப் புற்றுநோய்க்கு. தமிழ்நாட்டில் 2023இல் ஊர் ஊராகப் போய்ப் பரிசோதிக்கும் வேலையை முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் நம் ஈரோடும் ஒன்று. இத்தனையும் இருந்தும் நம் ஆட்கள் நோய் முற்றிய பிறகே போய்ச் சேருகிறார்கள் என்றால், நடுவில் நாள் எங்கேயோ கரைகிறது. எங்கே கரைகிறது என்று உங்கள் ஊருக்கு நீங்கள்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

படி 1: இறந்தவர்கள் கணக்கை எடுங்கள்

முகாம், பேனர் எல்லாம் பிறகு. மொய் எழுதும் நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். கடந்த ஐந்து வருடத்தில் ஊரில் புற்றுநோயால் இறந்தவர்கள், இப்போது சிகிச்சையில் இருப்பவர்கள் இருசாராரையும் அதில் எழுதுங்கள்.

எத்தனை பெயர் வர வேண்டும்? இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு வருடத்துக்குச் சுமார் 100 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வருகிறது. 5,000 பேர் இருக்கும் ஊரென்றால் வருடத்துக்கு ஐந்து, ஐந்து வருடத்துக்கு இருபத்தைந்து. உங்கள் நோட்டில் எட்டுப் பெயர்தான் ஏறியிருக்கிறது என்றால் மீதிப் பேர் வேறு பெயரில் ஒளிந்திருப்பார்கள்: வயித்துக் கட்டி, கர்ப்பப்பைக் கோளாறு, ரத்தம் கெட்டுப்போச்சு. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் தாயின் நோயைச் சொல்லவே மாட்டார்கள், வரன் தட்டிப்போகும் என்ற பயம். அதனால் கேட்கப் போகிறவர் முக்கியம். கிராம சுகாதாரச் செவிலியர், மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை செய்யும் பெண் தன்னார்வலர், துக்கம் கேட்கப் போன பெண் என்று யாராவது போகட்டும். ஆண்கள் நாலு பேர் நோட்டோடு போய் நின்றால் காபி கிடைக்கும், விவரம் கிடைக்காது. நோட்டு ஒருவர் வீட்டுப் பீரோவில் பூட்டில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு பெயருக்கும் ஆறு கட்டம் போடுங்கள். உடம்பில் முதலில் தெரிந்தது எப்போது, வீட்டில் சொன்னது எப்போது, முதல் மருத்துவரைப் பார்த்தது எப்போது, சதைப் பரிசோதனை முடிவு வந்தது எப்போது, சிகிச்சை ஆரம்பித்தது எப்போது, முடித்தார்களா பாதியில் நின்றதா. தேதி கேட்டால் யாருக்கும் ஞாபகம் வராது. "மாரியம்மன் நோம்பி சாட்டின வாரம்", "மஞ்சள் வேக வெச்சப்போ" என்று சொல்வார்கள். அதை நீங்கள் மாதமாக மாற்றிக்கொள்ளலாம்.

இருபது பெயர் எழுதி முடித்ததும் நோட்டே பேச ஆரம்பிக்கும். எங்கள் பக்கம் எழுதிப் பார்த்ததில் வாய்ப் புண்ணில் நாள் போனது மருந்துக்கடையிலும் களிம்பிலும். கருப்பை வாயில் போனது வீட்டில் வாய் திறக்காமல். மார்பகக் கட்டியில் போனது பரிசோதனை முடிவு வந்த பிறகு: "கத்தி பட்டா பரவிடும்" என்று ஒறம்பரையில் ஒருவர் சொல்ல, நாட்டு மருந்துக்கு மூன்று மாதம். சதை எடுத்துப் பரிசோதிப்பதால் நோய் பரவுவதில்லை. முடிவு வந்த பிறகு உட்கார்ந்திருப்பதுதான் ஆளைக் கொல்கிறது. 2020இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், சிகிச்சை நான்கு வாரம் தள்ளினால் சாவு அபாயம் 6 முதல் 13 சதவீதம் வரை கூடுகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

படி 2: மூன்றை மட்டும் பிடியுங்கள்

வாய், மார்பகம், கருப்பை வாய். இந்த மூன்றையும் கண்ணாலும் கையாலும் ஒரு விளக்காலும் கண்டுபிடிக்கலாம். இரைப்பைப் புற்றுநோயும் நுரையீரல் புற்றுநோயும் நம் ஆண்களை நிறையக் கொல்கின்றன. ஆனால் ஊர் அளவில் அவற்றை முன்கூட்டிப் பிடிக்க எளிய வழி இல்லை. அங்கே புகையிலையை விடவைப்பதுதான் கையில் இருக்கும் ஆயுதம்.

இந்த மூன்றுக்கும் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையை மையமாக வைத்துத் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயை அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். ஒரே ஒரு முறைதான். அந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது. தாராபுரத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில் நடந்த காரியம் இது. நம் ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

திருவனந்தபுரத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வாயைப் பார்த்ததில், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்தது. மும்பையில் இருபது வருடம், கையால் மார்பைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது, அதற்குக் கீழே அப்படிப் பெரிய பலன் தெரியவில்லை.

நன்கொடை கொடுக்க வருகிறவர் "எல்லாருக்கும் ஃபுல் பாடி செக்கப் பண்ணிடலாங்க, கேன்சர் மார்க்கர் டெஸ்ட்டும் சேர்த்து" என்பார். நல்ல மனசுதான். ஆனால் எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு எடுக்கும் மார்க்கர் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் வீண் பயத்தைத்தான் கொடுக்கும். அந்தப் பணத்தை நோயாளியின் பயணச் செலவுக்குத் திருப்பிவிடுங்கள்.

சாயத் தண்ணீரைப் பற்றியும் கேட்பார்கள். நொய்யலை என்ன பாடு படுத்தினோம் என்பது நமக்குத் தெரியும். 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போன விஷயம் அது. அந்தச் சண்டை தனியாக நடக்கட்டும். அடுத்த வருடம் சாகப்போகிறவரைப் பிழைக்கவைக்கும் வேலை அதற்காகக் காத்திருக்க முடியாது.

படி 3: மாதம் இருபது பேர்

5,000 பேர் ஊரில் 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்கள் உத்தேசமாக 1,200 பேர் இருப்பார்கள். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். அப்படியானால் வருடத்துக்கு 240, மாதத்துக்கு 20. பந்தல், மைக், அமைச்சர் எல்லாம் வைத்து ஒரே நாளில் 600 பேரைத் திரட்டினால் படம் நன்றாக விழும். 600 பேரில் சந்தேகம் என்று வரும் அறுபது பேரை அடுத்த வாரம் யார் தொடர்ந்து பார்ப்பது?

அறுபது என்று சும்மா சொல்லவில்லை. அந்தத் திண்டுக்கல் ஆய்விலேயே பத்தில் ஒரு பெண்ணுக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது. அதில் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் கிடையாது. சிலருக்கு அது புற்றாக மாற வருடங்கள் இருக்கும் நிலை. அப்போதே உறையவைத்தோ சுட்டோ அகற்றிவிடலாம். மாதம் 20 பேர் என்றால் இரண்டு பேர். இரண்டு பேரை ஓர் ஊர் தாங்கும்.

பட்டியல் எடுக்கும்போது ஊருக்குள் இருக்கும் வீடுகளோடு நின்றுவிடாதீர்கள். நம் பக்கத்தில் பாதிக் குடும்பம் தோட்டத்துச் சாளையில் இருக்கும், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. வார்டு வாரியாகப் பிரிப்பதை விடப் பால் சொசைட்டி உறுப்பினர் பட்டியலை வாங்கிப் பாருங்கள், விடுபட்ட தோட்டமெல்லாம் அதில் இருக்கும். அப்புறம் மில் விடுதியும், கோழிப்பண்ணைக் குடியிருப்பும், பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் தங்கும் லைன் வீடுகளும். அவர்கள் நம் பட்டியல் எதிலும் இருக்க மாட்டார்கள்.

நாளும் நேரமும்: பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய் கர்ப்பிணிகளுக்கு, புதன் தடுப்பூசிக்கு. வேறு ஒரு நாளைக் கேட்டு நிலையாக வாங்கிக்கொள்ளுங்கள். காலைப் பால் ஊற்றிவிட்டு வர ஒன்பது மணி ஆகும். மறுபடி கறவைக்கு மூன்று மணிக்குள் கட்டுத்தறியில் நிற்க வேண்டும். இந்த இடைவெளிதான் அவர்களுக்கு. மஞ்சள் அறுப்பு, நோம்பி, முகூர்த்த நாள் தவிர்த்துவிடுங்கள். திருப்பூர் கம்பெனிப் பெண்களுக்கு ஞாயிறு மட்டும்தான், அதுவும் தீபாவளிக்கு முந்தைய மாதம் கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள்.

பரிசோதனை எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திரைக்குள் ஒரு கட்டில், ஒரு விளக்கு, பெண் செவிலியர். வினிகரில் இருக்கும் அதே அமிலத்தைப் பஞ்சில் நனைத்துத் தடவுவார். லேசாகச் சுரீர் என்று இருக்கும். ஒரு நிமிடம் பொறுத்தால் மாறுதல் உள்ள இடம் வெளுத்துத் தெரியும். கூடவே மார்பையும் வாயையும் பார்த்துவிடலாம். மொத்தம் கால் மணி நேரம். மாதவிலக்கு நாளில் வர வேண்டாம் என்பதைச் சொல்ல மறந்துவிடுவோம், வந்து திரும்பிப் போனவர் மறுபடி வருவது கஷ்டம். முடிவை அன்றைக்கே, அவர் செருப்பு மாட்டும் முன்பே சொல்லுங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.வி. பரிசோதனை கிடைக்கும் இடமென்றால் அதையே எடுங்கள். அது இன்னும் நம்பகமானது, ஆனால் முடிவு வர நாள் ஆகும் என்பதால் ஃபோன் எண்ணைச் சரிபார்த்து வாங்க வேண்டும்.

ஆண்களுக்குக் கட்டில், திரை எதுவும் வேண்டாம். டீக்கடை பெஞ்சிலேயே முடியும். நடு மூன்று விரல்களை நிமிர்த்தி, ஒன்றன் மேல் ஒன்றாக வாய்க்குள் விடச் சொல்லுங்கள். போகவில்லை என்றால் வாய் இறுகத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம், பாக்கு போடுகிறவர்களிடம் இது சாதாரணம். கன்னத்தின் உள்பக்கமும் நாக்கின் ஓரமும் வெள்ளையாகவோ சிவப்பாகவோ இருக்கிறதா, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஊர் மருந்துக்கடைக்காரரிடமும் இந்த இரண்டு வாரக் கணக்கைச் சொல்லி வையுங்கள். இரண்டாவது களிம்பு கேட்டு வருகிறவரை அவர்தான் முதலில் பார்க்கிறார்.

இரண்டு முகாமுக்கு நடுவில் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. மார்பில் வலியில்லாத கட்டி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தக்கசிவு. மாதவிலக்கு நின்ற பிறகு மறுபடி ரத்தம் படுவது, உறவுக்குப் பின் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல். இவையெல்லாம் அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டியவை.

படி 4: கூடப் போகும் ஆள்

திட்டத்தின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சந்தேகம் என்று வந்த ஒவ்வொருவருக்கும் ஊரிலிருந்து ஒரு ஆள், கடைசி வரை அதே ஆள், கூடப் போக வேண்டும். மகன் இருக்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள், மகனுக்கு ஷிப்ட் இருக்கும்.

மார்பகத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மூன்று இலக்குகள் 60-60-80 (மற்ற இரண்டு படி 8இல்). அதில் நடு எண் இதுதான்: மருத்துவரிடம் போன 60 நாளுக்குள் என்ன நோய் என்று தெரிந்துவிட வேண்டும். சிகிச்சை மூன்று மாதத்துக்குள் தொடங்க வேண்டும். நாம் இதை இன்னும் இறுக்கிக்கொள்ளலாம்: சந்தேகம் வந்த 15 நாளுக்குள் பெரிய மருத்துவமனை, 60 நாளுக்குள் சிகிச்சை. கோவை அரசு மருத்துவமனை, பெருந்துறை, சேலம் மோகன் குமாரமங்கலம் என்று பக்கத்தில் எது என்று பார்த்து, எந்தக் கிழமை புற்றுநோய்ப் பிரிவு புறநோயாளிகளைப் பார்க்கிறது, கதிர்வீச்சு அங்கேயே உண்டா என்று கிளம்பும் முன்பே விசாரியுங்கள்.

கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, எல்லா அறிக்கையின் நகலும் அதில். சதைப் பரிசோதனை செய்த இடத்தில் அறிக்கையோடு, எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும், கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனை மாறினால் அதைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் மறுபடி சதை எடுத்து இரண்டு வாரம் போகும். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ வேறு ஊருக்கோ ரயிலில் போவதென்றால் நோயாளிக்கும் துணைக்கும் சலுகை உண்டு, மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நோய் வந்த பிறகு எடுக்க ஓடுவதுதான் வழக்கம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, கலெக்டர் அலுவலகத்தில் பதிவு என்று அதற்கே நாள் பிடிக்கும். முகாமுக்கு வரும் இருபது பேரில் அட்டை இல்லாதவர் யார் என்று அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஆறு வாரம் மாட்டை யார் கறப்பது?

சிகிச்சை ஆரம்பித்தவர் பாதியில் நிற்பது தனிக் கதை. கருப்பை வாய்க்குக் கதிர்வீச்சு என்றால் வாரம் ஐந்து நாள் வீதம் 25 முறை போல, அதற்கு மேல் உடம்புக்குள்ளேயே வைத்துக் கொடுக்கும் உள்கதிர். எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிந்தால்தான் முழுப் பலன். நடுவில் ஒரு வாரம் விட்டால் நோய்க்கு அது லாபம்.

விட்டுப்போவதற்கான காரணத்தைக் கேட்டால் மருத்துவத்தில் இருக்காது. மாட்டைக் கறக்க ஆள் இல்லை. தறி நின்றால் முதலாளி வேறு ஆளைப் போடுவார். குழுக் கடன் தவணை. பேத்திக்குச் சீர். இதற்கெல்லாம் மருத்துவமனை ஒன்றும் செய்ய முடியாது, ஊர் செய்யலாம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் இருவர் முறை வைத்துக் கறந்து, சொசைட்டியில் அவர் பெயரிலேயே ஊற்றினால் வரும்படி நிற்காது. மகளிர் குழு இரண்டு மாதத் தவணையைத் தள்ளி வைக்கலாம். கோவையில் தங்க ஒரு அறை வாடகைக்கு எடுத்தால் மூன்று ஊர் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ளலாம்.

மில்லிலும் பனியன் கம்பெனியிலும் இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் கவனிக்க: சாதாரண நோய்க்கால உதவி 91 நாள், சம்பளத்தில் 70 சதவீதம். புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், இரண்டு வருடமாவது வேலையில் இருந்து சந்தா தகுதியும் இருந்தால், 80 சதவீதம் வீதம் இரண்டு வருடம் வரை நீட்டிக்கலாம். இது தெரியாமல் கதிர்வீச்சுக்கு நடுவில் ஓவர்லாக் மெஷினில் போய் உட்கார்ந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன். கம்பெனியில் சம்பளம் போடும் ஆளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

படி 6: வெற்றிலைத் தட்டு

நம் மண்ணில் புகையிலை பயிராகவே விளைகிறது, அதை விஷம் என்று சொன்னால் முறைப்பார்கள். பெரியவர்களிடம் பயமுறுத்திப் பலனில்லை. வாய்ப் பரிசோதனை அன்றைக்குக் கண்ணாடியைக் கையில் கொடுத்து அவர் கன்னத்தின் வெள்ளைத் திட்டை அவருக்கே காட்டுங்கள். விட நினைப்பவருக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

பாக்கில் ஒன்றுமில்லை என்ற நம்பிக்கையைத்தான் உடைக்க வேண்டியிருக்கிறது. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே அறிவித்துவிட்டது. சீர்த் தட்டில் மங்கலத்துக்கு வெற்றிலை பாக்கு இருக்கட்டும், விருந்து முடிந்து மென்று துப்பும் தட்டில் புகையிலையும் பாக்குப் பொட்டலமும் வேண்டாம் என்று ஒரு ஊர் முடிவெடுக்கலாம். பள்ளிக்கு 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கடைக்காரர் நம் சொந்தக்காரர் என்பதால்தான் யாரும் அளந்து பார்ப்பதில்லை.

படி 7: ஊசியும் வலியும்

எச்.பி.வி. தடுப்பூசி 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு. ஒரே ஊசி போட்டாலும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஏற்றுக்கொண்டது. கருப்பை வாய்க்கு அந்த நிறுவனம் வைத்த இலக்கு 90-70-90: நூற்றுக்கு 90 பெண் பிள்ளைகளுக்கு ஊசி, 70 பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 பேருக்குச் சிகிச்சை. முதல் 90 இந்த ஊசிதான். பலன் தெரிய இருபது வருடம் ஆகும். பெற்றோர் கூட்டத்தில் "குழந்தை பிறக்காதாமே?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று பதில் சொல்ல ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அன்றைக்கு அழைத்து வையுங்கள்.

குணமாகாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு வலி மருந்து கிடைப்பது திட்டத்தில் ஒரு வரியாக இருக்க வேண்டும். மார்ஃபின் மாத்திரை கிடைப்பதை எளிதாக்க 2014இல் சட்டத்தையே திருத்தினார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் வலி தணிப்புச் சேவை மக்களைத் தேடி மருத்துவத்திலும் உண்டு. அம்மாயிக்கு இது எங்களுக்குத் தெரியாமல் போனது. கடைசி இரண்டு மாதம் ராத்திரியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

படி 8: வருடத்துக்கு ஒரு முறை நோட்டைத் திறங்கள்

எத்தனை முகாம், எத்தனை பேர் வந்தார்கள் என்பதைப் பேப்பர்காரருக்குச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று. கண்டுபிடித்தவர்களில் நோயின் முதல் இரண்டு நிலையில் (ஸ்டேஜ் 1, 2) எத்தனை பேர் (60 சதவீதம் வர வேண்டும்), சந்தேகத்திலிருந்து சிகிச்சைக்கு எத்தனை நாள், சிகிச்சையை முடித்தவர் எத்தனை பேர் (80 சதவீதம்). அந்த 60-60-80இன் மீதி இரண்டு எண்கள் இந்த 60 சதவீதமும் 80 சதவீதமும்.

முதல் வருடம் புற்றுநோய் கூடியது போலத் தெரியும். "நீங்க வந்து பாத்ததுக்கப்புறம்தானுங்க ஊர்ல நோயே வந்துச்சு" என்று ஒருவர் சொல்வார், கோபப்படாதீர்கள். ஒளிந்திருந்தது வெளியே வருகிறது, அவ்வளவுதான். சாவு எண்ணிக்கையில் மாற்றம் தெரிய ஐந்தாறு வருடமாவது ஆகும். திண்டுக்கல்லிலும் ஏழு வருடக் கணக்கில்தான் பலன் தெரிந்தது. ஆனால் நாள் கணக்கு இரண்டாம் வருடமே குறைந்துவிடும். குறையவில்லை என்றால் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து, படி 4க்குப் போங்கள்.

நோட்டில் பெயரைப் பேனாவிலும் ஃபோன் எண்ணைப் பென்சிலிலும் எழுதுங்கள். நம் ஆட்கள் வருடத்துக்கு இரண்டு சிம் மாற்றுவார்கள்.